அனுசரித்துப் போவது

நம் வீடுகளில் மிக அதிகமாகச் செலவாகும் புத்திமதி எது என்று யாராவது கணக்கெடுத்தால், "கொஞ்சம் அனுசரித்துப் போ" என்பதுதான் முதலில் வந்து நிற்கும். கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்கு அதைச் சொல்லித்தான் வண்டி ஏற்றுகிறோம். புதிதாக வேலைக்குப் போகும் பையனுக்கும் அதைத்தான் கட்டுச்சோற்றோடு கட்டிக் கொடுக்கிறோம். மனத்தாங்கல் என்று யார் வந்து நின்றாலும், காரணத்தை விசாரிப்பதற்கு முன்பே நம் வாயில் அது வந்துவிடுகிறது. இப்போது அதற்கு 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்று புதுச் சட்டை போட்டிருக்கிறோம், உடம்பு பழையதுதான்.

அனுசரணை நல்ல குணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது இல்லாவிட்டால் ஒரு ரயில் பெட்டியில் நாலு பேர் சேர்ந்து உட்கார முடியாது. என் சந்தேகம் வேறு. எப்போது அனுசரிக்க வேண்டும்? யார் அனுசரிக்க வேண்டும்? இந்த இரண்டையும் கேட்காமல் சொல்லப்படும் புத்திமதி தர்மமா, அல்லது நமக்குத் தொந்தரவு வராமல் இருப்பதற்காக நாம் செய்துகொள்ளும் ஏற்பாடா?

சாஸ்திரங்களில் இதற்கு விடை இருக்கக்கூடும். எனக்குக் கிடைத்த வெளிச்சம் சாத்தூரில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் கிடைத்தது. 'அட்ஜஸ்ட்' என்ற வார்த்தையை அதன் சொந்த வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் பட்டறைக்குத்தானே போக வேண்டும்?

நண்பர் ஒருவர் தம்முடைய ராஜ்தூத் 350-ஐ அங்கே விட்டிருந்தார். இந்த வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஜப்பானின் யமஹா ஆர்.டி. 350-ஐ ஒட்டி, எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983 முதல் இந்தியாவில் செய்து விற்றது. 347 சி.சி.; ஆறு கியர்; டூ ஸ்ட்ரோக் இஞ்சின். நம்மூர்ச் சாலைகளில் ஓடிய வண்டிகள் பெரும்பாலும் ஒற்றை சிலிண்டர்காரர்களாக இருந்த காலத்தில், இது இரண்டு சிலிண்டர்களோடு வந்தது. பெட்ரோலைக் குடிக்கிறது என்று குடும்பஸ்தர்கள் பயந்தார்கள்; வேகத்துக்காக வாலிபர்கள் உயிரை விட்டார்கள், சிலர் நிஜமாகவே. 1990-வாக்கில் உற்பத்தி நின்றுபோயிற்று. இன்று அதை வைத்திருப்பவர்கள் பரம்பரை நகையைப் போல வைத்திருக்கிறார்கள்.

இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனியே ஒவ்வொரு கார்புரேட்டர். காற்றையும் பெட்ரோலையும் அளந்து கலந்து கொடுப்பது அதன் வேலை. எடைக் கணக்கில் ஏறக்குறைய பதினைந்து பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல். கைப்பிடியைத் திருகினால் ஒரே கேபிள் நடுவில் இரண்டாகப் பிரிந்து போய், இரண்டு கார்புரேட்டரிலும் உள்ள ஸ்லைடுகளைத் தூக்குகிறது. இரண்டும் ஒரே கணத்தில், ஒரே அளவு எழும்ப வேண்டும். ஒன்று முந்தினாலும் அந்தப் பக்கத்து சிலிண்டர் அதிகம் உழைக்கும். மற்றது அதன் முதுகில் சவாரி செய்யும். இத்தனைக்கும் இரண்டு பிஸ்டன்களும் ஒரே காரியத்தை ஒரே நேரத்தில் செய்வதில்லை. ஒன்று மேலே ஏறும்போது மற்றது கீழே இறங்குகிறது. ஒத்துப்போவது என்றால் ஒன்றைப் போலவே மற்றது ஆடுவது என்று எண்ணுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

அந்த மெக்கானிக்குக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சிறுவனாக இருந்தபோது பேனா நிப்பு செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவர். சாத்தூர் ஒரு காலத்தில் சேவுக்கும் வெள்ளரிக்காய்க்கும் மட்டுமல்ல, நிப்புக்கும் பேர் போன ஊர். பந்துமுனைப் பேனா வந்து அந்தத் தொழிலின் வயிற்றில் அடித்தது. நிப்பின் நாக்கு இரண்டாகப் பிளந்திருக்கிறதல்லவா? இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் எழுத்து வழுக்கிக்கொண்டு ஓடும்; ஒன்று மயிரிழை உயர்ந்தாலும் காகிதத்தைப் பிறாண்டும். லென்ஸை வைத்துப் பார்த்துப் பழகிய கண் அவருக்கு. அந்தக் கண் மோட்டார் சைக்கிளுக்கு வந்து சேர்ந்தது நண்பரின் அதிர்ஷ்டம்.

வண்டியின் குறை இதுதான்: நிற்கும்போது ஓசை தடுமாறுகிறது, வேகமெடுத்தால் ஒரு நடுக்கம். "ரெண்டு கார்பரேட்டரையும் ஒண்ணா அட்ஜஸ்ட் பண்ணிட்டாப் போதும்" என்று நண்பர் தாமே வைத்தியமும் சொல்லிவிட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் திருப்புளியைக் கையில் எடுக்கவே இல்லை. இரண்டு பிளக்கையும் கழற்றித் துணியின் மேல் வரிசையாக வைத்தார். ஒன்று காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது. மற்றது சுண்ணாம்பு தடவினாற்போல வெளுத்திருந்தது.

"அண்ணாச்சி, திருகைத் தொடவே இல்லையே?" என்று கேட்டேன்.

"அட்ஜஸ்ட்மென்ட் கடைசி வேலை, தம்பி. முதல்ல சீக்கு எங்கேன்னு பாக்கணும்" என்றார்.

பிளக்குகளைத் திரும்ப மாட்டி, இஞ்சினை ஓடவிட்டார். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ரப்பரைச் சுற்றி இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். ஓசை உடனே மாறியது. ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. அளந்த காற்று கார்புரேட்டர் வழியாக வர, அளக்காத காற்று அந்த வெடிப்பு வழியாகவும் புகுந்துகொண்டிருந்தது. பெட்ரோல் போதாமல் அந்த சிலிண்டர் உள்ளுக்குள் காய்ந்து வெந்துகொண்டிருந்தது.

ரப்பரை மாற்றினார். அதற்குப் பிறகுதான் திருப்புளி. ஒரே கனமுள்ள இரண்டு கம்பித் துண்டுகளை ஸ்லைடுகளுக்கு அடியில் நுழைத்து, கைப்பிடியை மெல்லத் திருகி, இரண்டு கம்பியும் ஒரே நேரத்தில் தளர்கின்றனவா என்று பார்த்தார். கேபிளை அரைச் சுற்று, கால் சுற்று என்று சரிசெய்தார். கடைசியில் ஓடுகிற வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, இரண்டு சைலன்சருக்கும் எதிரே இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். நாடி பார்க்கிற வைத்தியர் நினைவுதான் வந்தது. நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்குப் பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள் உண்டு. ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பாதரசம் ஏறிக் காட்டும். இந்த வண்டிக்கு உள்ளங்கைதான் பாதரசம்.

ரப்பரைக் கவனிக்காமலே அட்ஜஸ்ட் செய்திருக்க முடியாதா என்று கேட்டேன். "ஏன் முடியாது? ரெண்டு திருகையும் அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பி, நல்லா இருக்கறதைக் கொஞ்சம் அமுக்கிவிட்டா சத்தம் ஒண்ணாயிரும். வீட்டு வாசல்ல நிறுத்தி வச்சுக் கேட்டா வீணை மாதிரி இருக்கும். கோவில்பட்டி போறதுக்குள்ள பிஸ்டன் பிடிச்சுக்கும்" என்றார்.

நின்றுகொண்டிருக்கும்போது இனிமையாக ஒலிப்பது ஒத்துப்போனதற்கு அடையாளமாகாது. சுமை ஏறும்போதுதான் அது தெரியும்.

இதை இப்படி எழுதும்போது எனக்குத் தெரிந்த ஒரு சேவுக்கடை மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணன் கல்லாவில், தம்பி அடுப்பில். லாபத்தில் சரிபாதி. பத்திரம் எழுதியவர் நியாயமாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் ராத்திரி கணக்குப் பார்ப்பதற்கு முன்பே அண்ணன் வீட்டுச் செலவு கல்லாவிலிருந்து போய்விடும். பால், காய்கறி, வந்த விருந்தாளிக்குப் பஸ் சார்ஜ். அண்ணன் திருடர் அல்ல. 'சொந்தபந்தம் எல்லாம் பெரியவன் வீட்டுக்குத்தானே வருகிறது' என்பது அவர் கட்சி. அதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனாலும் அது அளக்காத காற்று. மிச்சத்தைத்தான் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள்.

தம்பி முணுமுணுத்தபோது பெரியவர்கள் கூடினார்கள். கல்லாவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் அண்ணனுக்கு அவமானம் அல்லவா? "நீ சின்னவன், அனுசரித்துப் போப்பா" என்றார்கள். அவனும் போனான். கடையில் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, இரண்டு ராத்திரி தூங்காமல் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்ற தம்பி, சேவு தேய்க்கும் கரண்டியைச் சட்டிமேல் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டான். எண்ணெய் பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. கடை இப்போது இரண்டு கடை. ஒன்றில் சேவு நன்றாக இருக்கிறது. மற்றதில் வியாபாரம் நன்றாக இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் தம்பியைப் பார்த்து மட்டும் ஏன் சொன்னார்கள்? இதற்கும் மோட்டார் சைக்கிளில் ஒரு விசித்திரம் உண்டு. நான்கு சிலிண்டர், நான்கு கார்புரேட்டர் என்று வண்டிகள் இருக்கின்றன. 1969-இல் ஹோண்டா வெளியிட்ட சி.பி. 750 அதில் பெயர் பெற்றது. பின்னாளில் நான்கையும் ஒரே சட்டத்தில் பிணைத்துச் செய்த வண்டிகள் பலவற்றில் இசைவு பார்க்கும் திருகு மூன்றுதான். நான்காவதற்குக் கிடையாது. அதை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் அதற்கு இசையச் செய்ய வேண்டும். திருகு இல்லாதது மற்றவற்றைவிட உசத்தி என்று அர்த்தமில்லை. ஏதாவது ஒன்றை நிலையாக வைத்தால்தான் மற்றவற்றை அளக்க முடியும் என்பதால் அதை வைத்தார்கள், அவ்வளவுதான்.

நம் குடும்பங்களிலும் திருகு இல்லாத ஒருவர் இருக்கிறார். மாமியாராக இருக்கலாம், மூத்த பிள்ளையாக இருக்கலாம், சம்பாதிக்கிறவராக இருக்கலாம். அதை அவருடைய பெருமை என்று அவரும் நம்பிவிடுகிறார், நாமும் நம்பிவிடுகிறோம். திருகு இருக்கிறவர்களைத் திருகிக்கொண்டே இருக்கிறோம். சுலபமாகத் திரும்புகிறவர்களைத்தான் அதிகம் திருப்புகிறோம் என்பதை மருமகளாக வாழ்ந்த எந்தப் பெண்ணும் சொல்வாள். அசைக்க முடியாதவர் சீக்காளியாகவும் இருந்துவிட்டால், வீடு முழுவதும் அந்தச் சீக்குக்கு இசைய ஓடக் கற்றுக்கொள்கிறது. நல்லதை அமுக்கிச் சத்தத்தை ஒன்றாக்குகிற வேலை இதுதான்.

இங்கே ஒரு கேள்வி வரும். எல்லா வெடிப்பையும் மாற்ற முடியுமா? கடையில் ரப்பர் கிடைக்கும். தள்ளாத தகப்பனுக்கு வேறு கால் கிடைக்குமா? மனம் தளர்ந்துபோன மனைவிக்கு, பிறவியிலேயே மந்தமான தம்பிக்கு என்ன மாற்றுவது? நியாயமான கேள்விதான். இதற்குப் பட்டறையில் பதில் இல்லை. ஒரே அச்சில் பிணைத்த இரண்டு சிலிண்டர்களில் ஒன்றுக்குக் குறைந்த சுமை என்று ஏற்பாடு செய்ய இடமில்லை.

கரிசல்காட்டுச் சம்சாரியிடம் அதற்குப் பதில் உண்டு. இரண்டு மாட்டில் ஒன்று வலுக் குறைந்தது என்றால், ஏர்க்காலை நுகத்தடியின் நடுவிலிருந்து வலுவுள்ள மாட்டின் பக்கம் கொஞ்சம் தள்ளிக் கட்டலாம். நீளமான பக்கத்தில் நிற்கிற மாட்டுக்குப் பாரம் குறையும். வலுவுள்ளது கூடுதலாக இழுக்கும். இதுவும் அட்ஜஸ்ட்மென்ட்தான். ஆனால் எந்த மாடு நோஞ்சான் என்று பார்த்து, அதை மறைக்காமல், தெரிந்தே செய்கிற அட்ஜஸ்ட்மென்ட். கூடுதலாக இழுப்பது எது என்பது சம்சாரிக்குத் தெரியும். அதன் தொட்டியில் பருத்திக்கொட்டை ஒரு கை அதிகமாக விழும். சாயங்காலம் ஏரை அவிழ்த்ததும், இரண்டு மாட்டின் கழுத்தையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவன் வீட்டுக்குள் போவான்.