செல்லாத மணமும் பிள்ளையும்

பொய்யும் தவறும் உலகில் தலைகாட்டிய பின்னரே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்பது தொல்காப்பியக் கற்பியல் தரும் செய்தி. கைவிடப்படும் பெண்ணைக் காக்கவே விதி பிறந்தது என்பது அதன் உட்கிடை. அவ்விதியே அவளையும் அவள் பிள்ளையையும் கைவிடுமாயின் என் செய்வது?

பண்டை உரோமில் மணத்திற்குப் பதிவு வேண்டியதில்லை. இருவர்தம் மனவிசைவு போதும். ஆயினும் மணக்கும் உரிமை எல்லார்க்கும் இல்லை. அடிமைகளுக்கு அறவே இல்லை. எல்லை காத்த போர்வீரர்க்கும் ஏறத்தாழ 200 ஆண்டுகள் அது மறுக்கப்பட்டது. அவர்கள் குடும்பம் நடத்தாமலா இருந்தனர்? நடத்தினர், பிள்ளைகளும் பெற்றனர். செல்லாத அம்மணத்தில் பிறந்த பிள்ளை தந்தையைச் சாராது தாயின் நிலையையே அடைந்தது.

இது பழங்கதை என்போர் சுங்கை ஆயர் தாவாரையும் கோலசிலாங்கூர்த் தோட்டங்களையும் எண்ணிப் பார்க்கலாம். மாரியம்மன் கோயிலில் தாலி ஏறும். தோட்டமே பந்தியில் அமர்ந்து உண்ணும். இதனினும் பெரிய சான்று எதற்கு என்று பால்மரம் வெட்டி வாழ்ந்த மக்கள் கருதியதில் வியப்பில்லை. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச்சு 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் வழக்கப்படி முறையாக நடந்த மணங்கள் பதிவானவையாகவே கொள்ளப்பட்டன. அதன்பின் தாலி மட்டும் போதாதாயிற்று. ஒருவனுக்கு ஒருத்தி என்பதைக் கட்டாயமாக்கிய சட்டம் அது; பெண்ணுக்கு நலம் செய்தது என்பதை மறுத்தல் நேர்மையன்று. கோயில் பூசகரையே துணைப் பதிவதிகாரியாக நியமிக்கவும் அது வழிவிட்டது.

எனினும், பதியாத குற்றம் பெற்றோருடையது, துன்பம் பிள்ளைக்கு. மணவுறவுக்குப் புறம்பே பிறந்த பிள்ளையின் குடியுரிமையைத் தாயைக் கொண்டே முடிவு செய்யச் சொல்கிறது மலேசிய அரசியலமைப்பு. உரோமின் விதிதான்! தந்தை குடிமகன், தாய் அயல்நாட்டவள் எனில், இம்மண்ணில் பிறந்தும் பிள்ளை குடியுரிமையின்றி நிற்க நேரும். பின்னர் மணந்துகொண்டால் தீருமா? அத்தகைய வழக்கொன்றில் 2021இல் கூட்டரசு நீதிமன்றம், நால்வர்க்கு மூவர் என்ற நிலையில், பிள்ளைக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

1976ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஓர் ஈரம் உண்டு. செல்லாத மணமாயினும், அது செல்லும் என்று பெற்றோருள் ஒருவரேனும் தக்க காரணத்தோடு நம்பியிருந்தால், பிள்ளை முறைப்பிள்ளையே. தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட தாய் நம்பாமலா இருந்தாள்? ஆனால் அந்நம்பிக்கையை அவள் மன்றேறி மெய்ப்பிக்க வேண்டும். விடியுமுன் வேலைக்காட்டுக்குச் செல்பவளுக்கு வழக்கறிஞரை அமர்த்தப் பொருளேது? இந்தியாவிலோ அதே 1976இல் இந்துத் திருமணச் சட்டம் திருத்தப்பட்டது. செல்லாத மணத்தின் பிள்ளையும் முறைப்பிள்ளை என்றது அத்திருத்தம். தாய் என்ன நம்பினாள் என்று அது கேட்கவில்லை.