வினை என்று விட்டுவிடலாமா?

"அவள் வினையை அவள்தானே கழித்தாக வேண்டும்? நடுவில் நாம் புகுந்து வைரஸை ஏற்றி மாற்றலாமா?" பெரியப்பா கோபமாகக் கேட்கவில்லை. எழுபது வயதைக் கடந்த, நாள் தவறாமல் தேவாரம் ஓதுகிறவர். என் மகளை மடியில் வைத்துக்கொண்டுதான் கேட்டார். கூடவே இன்னொன்றும் கேட்டார்: "ஆண்டவன் முழுசாகப் படைத்த புரதத்தை வெட்டிச் சின்னதாக்கி அனுப்புகிறார்களாமே, அது சரியா?" இரண்டுமே மதிக்க வேண்டிய கேள்விகள். அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மகளுக்கு ரெட் சிண்ட்ரோம். ஒன்றரை வயதில் "அப்பா", "பூ", "தா" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் சில மாதங்களில் அத்தனை சொல்லையும் இழந்தாள். பொம்மையைப் பிடித்த கைக்குப் பிடிக்கத் தெரியாமல் போயிற்று. விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே ஒன்றையொன்று கசக்கிக்கொண்டே இருக்கும். விரல் வாய்க்குப் போய்ப் போய் வந்து சட்டையின் முன்பக்கம் எப்போதும் ஈரம். கண் மட்டும் பேசுகிறது. ஒரு கையில் இட்லியும் மறு கையில் தோசையுமாக நீட்டினால் தோசையைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், மறுபடியும் தோசையைப் பார்ப்பாள். அதற்கு அரை நிமிஷம் ஆகும். அவசரப்படுகிறவர்களுக்குப் பதில் கிடைக்காது.

வியன்னாவில் ஆந்திரேயாஸ் ரெட் என்ற மருத்துவர் 1966-ல் விவரித்த நோய் இது. ஏறத்தாழ பத்தாயிரம் பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. காரணம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் மெக்பி-2 என்ற மரபணு என்று 1999-ல் ஹியூஸ்டனில் ஹூடா ஸோக்பியின் குழு கண்டுபிடித்தது. பலருக்கு அந்த மரபணுவின் டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்துதான் மாறியிருக்கிறது, சி இருக்க வேண்டிய இடத்தில் டி. மெத்தில் ஒட்டிய சி தண்ணீரோடு சேர்ந்து அமோனியாவை விட்டுவிட்டால் டி ஆகிவிடும். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிற நான் அந்தச் சமன்பாட்டை ஒரே வரியில் எழுதிவிடுவேன். இந்த மாற்றம் பெரும்பாலும் தகப்பனின் விந்தணு உருவாகும்போது புதிதாக நேர்வது. பரம்பரையாக வருவது அபூர்வம். கிரகணத்தன்று வெளியே வந்தாயா, யார் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாய் என்று என் மனைவியைக் குடைந்தவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் குற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் மூலக்கூறு யார் கணக்கையும் பார்த்து மோதுவதில்லை.

2007-ல் எடின்பரோவில் ஏட்ரியன் பேர்டின் ஆய்வகம் ஓர் எலிச் சோதனையை வெளியிட்டது. நோய் முற்றிய எலிகளில் அந்த மரபணுவை மறுபடி இயங்கச் செய்தார்கள். எலிகள் தேறின. நரம்பணுக்கள் செத்துப்போகவில்லை, அந்த மரபணு தரும் புரதம் இல்லாமல் தவித்திருக்கின்றன என்று அன்று தெரிந்தது. இதைப் படித்த பிறகு "கழித்தே தீர வேண்டும்" என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை.

மரபணுவை மூளைக்குக் கொண்டுசேர்க்க ஏஏவி என்ற வைரஸைப் பயன்படுத்துகிறார்கள். குறுக்களவு 25 நானோமீட்டர். மனிதருக்கு அது பொதுவாக நோய் தருவதாகக் கருதப்படுவதில்லை. உள்ளே ஏறத்தாழ 4,700 எழுத்துகள்தான் கொள்ளும். சீக்கிரம் வேலை செய்யும் இரட்டை இழை வகை என்றால் அதிலும் பாதி. அந்த இடத்துக்குள் மரபணு, அதை முடுக்கும் பகுதி, அதை அடக்கும் பகுதி எல்லாம் அடங்க வேண்டும். அடக்குவது எதற்கு? பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒவ்வோர் உயிரணுவும் ஒன்றைத்தான் பயன்படுத்தும். அதனால் என் மகளின் மூளையில் ஏறத்தாழ பாதி உயிரணுக்கள் நன்றாகவே இருக்கின்றன. நலமானவற்றையும் பழுதானவற்றையும் வைரஸுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. புரதம் அளவுக்கு மீறினாலும் கெடுதல்தான்: மெக்பி-2 இரட்டிப்பாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகள் படும் பாடு வேறொரு கடுமையான நோய். ஆகவே புரதம் மிகுந்தால் உயிரணுவின் சொந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களே வந்து அதைக் குறைக்கும்படி ஓர் அமைப்பைச் சில மருந்துகளில் சேர்க்கிறார்கள்.

அதற்கு இடம் வேண்டுமே! அங்கேதான் பெரியப்பாவின் இரண்டாவது கேள்வி வருகிறது. 2017-ல் அதே பேர்டின் குழு அந்தப் புரதத்தில் பெரும்பகுதியை நீக்கிவிட்டு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மட்டும் எலிகளில் வைத்தது. டி.என்.ஏ.வைப் பற்றும் பகுதியும், மரபணுக்களை அடக்கும் புரதக் கூட்டத்தை அழைத்துவரும் பகுதியும் இருந்தால் எலிகள் ஏறக்குறைய நலமாகவே வாழ்ந்தன. இதைப் படைப்பைத் திருத்தியதாக நான் நினைக்கவில்லை. நீக்கிய பகுதிகளும் உயிரினம் உயிரினமாகக் காக்கப்பட்டு வந்தவை. அவற்றுக்கும் வேலை இருக்கும். அந்தச் சிறிய புரதத்தை மருந்தில் வைத்தவர்கள் மிச்சப்பட்ட இடத்தை இன்னும் வீரியம் ஏற்றப் பயன்படுத்தவில்லை, கட்டுப்பாட்டுக்குக் கொடுத்தார்கள். தன் கைக்கு எட்டும் அளவை அறிந்து செய்த வேலை இது. பக்தி என்று நான் மதிப்பதும் இந்த அடக்கத்தைத்தான்.

முதல் கேள்விக்குப் பெரியப்பா ஓதும் தேவாரத்திலேயே பதில் இருக்கிறது. எங்கள் திருச்சிக்குப் பக்கத்தில் திருவாசி, பழைய திருப்பாச்சிலாச்சிராமம். முயலகன் என்ற வலிப்பு நோயால் நினைவிழந்த மகளைக் கொல்லிமழவன் அந்தச் சந்நிதியில் கிடத்தினான் என்கிறது பெரியபுராணம். வந்த சம்பந்தர் இவள் என்ன பாவம் செய்தாள் என்று விசாரிக்கவில்லை. இந்தப் பெண்ணை இப்படி வாட வைப்பது உமக்குப் பெருமையா என்று சிவனைக் கேட்டார். பிறகு திருச்செங்கோட்டில் அடியார்கள் குளிர்சுரத்தில் விழுந்தபோது, வினை என்று சொல்லிக்கொண்டு பிழைக்கும் வழி தேடாமல் இருப்பது குறையல்லவா என்றும் பாடினார். வினையை நம்பியவர்தான் அவர். நம்பிக்கொண்டே பிழைக்கும் வழி தேடச் சொன்னார்.

இந்த மரபணு மருந்து இன்னும் வந்துவிடவில்லை. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளில் சோதனையில் இருக்கிறது. 2024 நவம்பரில், ஒரு சோதனையில் மிக அதிக அளவு பெற்ற ஒருவர் இறந்தார். அந்த அளவைக் கைவிட்டுக் குறைந்த அளவில் தொடர்கிறார்கள். அந்தக் குடும்பத்தின் துயரத்தை மறந்துவிட்டு நம்பிக்கை பேச எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் தேடுவது பாவம் என்று யாராவது சொன்னால் அதை ஏற்கமாட்டேன்.

படிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போனால் தாயிடம் பழைய கதையைத் தோண்டாதீர்கள். குழந்தையின் எதிரே உட்கார்ந்து ஏதாவது கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.