மிகை மெய்ம்மையும் காட்சியின் வரம்பும்

உலகியற் பொருள்களைப் பற்றி ஒருவன் கருதுவனவும் பிறர்க்கு உரைப்பனவும், யாரேனும் ஒருவர் கண்டதனையே அடியாகக் கொண்டு நிகழ்வன. ஆதலின் காட்சியிற் புகும் பிழை அவ்வளவில் நில்லாது, கருதலையும் உரையையும் உடன்கெடுக்கும். முன்னெல்லாம் அப்பிழை பெரும்பாலும் கண்ணின் குறையானும் ஒளியின் குறையானும் சேய்மையானும் நேர்ந்தது. இக்காலத்தோ கண்ணுக்கும் பொருளுக்கும் இடையே ஒரு கருவி நின்று, அவ்விடத்து இல்லாத ஒன்றை உள்ள பொருளோடு பொருத்திக் காட்டுகின்றது. மேனாட்டார் இதனை ஆக்மென்டட் ரியாலிட்டி என்பர்; தமிழில் மிகை மெய்ம்மை என வழங்குவர். வாணிகத்தினும் அன்றாட வாழ்வினும் இது பரவுங்கால் நாம் கைக்கொள்ளத்தக்க வரம்பு யாது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இதன் வரலாற்றைச் சிறிது கூறுவாம். 1968-ஆம் ஆண்டில் ஐவன் சதர்லாந்து என்னும் அமெரிக்க அறிஞர், தலையில் அணிந்து நோக்குவார்க்கு அறையின் தோற்றத்தின்மேற் கோட்டுருவங்கள் தோன்றச் செய்தார். 1992-ஆம் ஆண்டில் போயிங் நிறுவனத்தாராகிய தாமஸ் காடெலும் டேவிட் மிசெலும், வானூர்தியின் மின்கம்பிகளைக் கட்டும் தொழிலாளர்க்கு எக்கம்பி எவ்வழிச் செல்லவேண்டும் என்பதனைப் பலகையின்மேலேயே காட்டும் முறையை எழுதி வெளியிட்டனர். 1997-ஆம் ஆண்டில் ரொனால்ட் அசூமா என்பார் இதற்கு மூன்று இலக்கணம் வகுத்தார். மெய்ப்பொருளும் புனைபொருளும் ஒருங்கு தோன்றலும், நோக்குவான் செயலுக்கு அப்பொழுதே இயைந்து மாறலும், நீளம் அகலம் உயரம் என்னும் மூவளவினும் இடம் பிறழாது பொருந்தலும் என்பன அவை.

இதனால் விளையும் பயனை மறுத்தல் நடுவுநிலையன்று. 2017-ஆம் ஆண்டில் ஐக்கியா நிறுவனத்தார் வெளியிட்ட செயலியால், ஒருவர் தாம் வாங்கக் கருதிய நாற்காலியைத் தம் வீட்டுக் கூடத்திலேயே உரிய அளவில் வைத்தாற்போலக் கைபேசியிற் காணலாயிற்று. 2020-ஆம் ஆண்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர், நோயாளியின் உள்ளெலும்பின் வடிவத்தை அவருடல்மேற் பொருந்தக் கண்டு, முதுகெலும்பிற் திருகாணி பொருத்தினர். பொருள் வீண்போகாமையும் உயிர் காத்தலும் சிறிய பயன்கள் அல்ல.

அற்றேல், இல்லதனை உள்ளதாகக் காட்டுதலின் இது முற்றும் திரிபுக்காட்சியே யன்றோ எனின், அன்று. திரிபாவது ஒன்றனைப் பிறிதொன்றாகத் துணிதல். கைபேசியில் நாற்காலியைக் கண்டவர் அதன்மேல் அமரச் செல்லார். அது புனைவென்பது அவர் அறிந்ததே. ஆகவே குற்றம் சேர்த்தலில் இல்லை. சேர்த்தது இதுவென அறியாமையிலேயே உளது.

கண்ணுக்குத் துணை வேண்டுவது புதுமையன்று எனின், உண்மையே. விளக்கின் உதவியின்றிக் கண் இருளிற் காணமாட்டாது. ஆயினும் விளக்கு, உள்ள பொருளை விளக்குவதன்றி இல்லாத பொருளைப் படைப்பதில்லை. இக்கருவியோ விளக்குதலும் படைத்தலும் ஆகிய இரண்டினையும் ஒருங்கே செய்கின்றது. 2024-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தார் விற்பனைக்குக் கொணர்ந்த விஷன் புரோ என்னும் கருவியை அணிந்தார், தம் அறையைக் காணும்பொழுதும், படக்கருவிகள் எடுத்துத் திரையிற் காட்டும் உருவத்தையே காண்கின்றனர். 2025-ஆம் ஆண்டில் மெட்டா நிறுவனத்தார் வில்லையினுள்ளேயே செய்தி தோன்றும் மூக்குக்கண்ணாடியை வெளியிட்டனர். கைபேசியைக் கீழே வைத்தால் புனைவு நீங்கும். நாள் முழுதும் கண்ணில் நிற்பதனை நீக்குவது எங்ஙனம்? ஆதலின் சேர்க்கப்பட்டது சேர்க்கப்பட்டதெனவே தோன்றுதல் வேண்டும் என்பது முதல் வரம்பு.

இரண்டாவது, காணப்படுவாரைப் பற்றியது. 2024-ஆம் ஆண்டில் ஹார்வர்டு மாணவர் இருவர், படம்பிடிக்கும் மூக்குக்கண்ணாடியையும் முகத்தால் ஆளைத் தேடும் முறையையும் இணைத்து, வழியிற் கண்ட அயலாரின் பெயர் முதலியவற்றை உடனே அறியக்கூடும் எனச் செய்துகாட்டினர். அவ்விடரை எச்சரித்தலே தம் கருத்தென்றும் கூறினர். விற்பான் வாங்குவானது நிலைமையெல்லாம் அவன் முகத்தருகே எழுதியிருக்கக் காண்பானாயின், அங்கே விலை பேசுதல் ஒத்தார் இருவர் செய்கையாகாது. காணப்படுவான் உடன்பாடின்றி அவன்மேல் எழுதலாகாது என்பது இரண்டாம் வரம்பு.

மூன்றாவது, இடத்தைப் பற்றியது. 2016-ஆம் ஆண்டில் போக்கிமோன் கோ என்னும் விளையாட்டு வெளிவந்தபொழுது, வாஷிங்டனிலுள்ள யூதப் படுகொலை நினைவுக் காட்சிசாலையினுள்ளும் அதன் புனைவுருக்கள் தோன்றின. ஆங்கு விளையாடுதல் தகாதென அதனை நடத்துவோர் வேண்டிக்கொண்டனர். ஒரு கல்லும் பெயர்ந்திலதே, பிழை என்னை எனின், கூறுதும். பலர் மனமும் ஒருங்கு குவிதலானே ஓரிடம் நினைவிடமாகின்றது. அக்குவிவைச் சிதைத்தல், கல்லைப் பெயர்த்தலினும் சிறிய குற்றமன்று.

இம்மூன்றினும் ஆழ்ந்ததொன்று எஞ்சியுள்ளது. சேர்க்க வல்ல கருவி நீக்கவும் வல்லது. காட்சியிலுள்ள பொருளை மறைத்து, அதன் பின்புலத்தை வரைந்து நிரப்பும் முறையும் இத்துறையில் ஆராயப்பட்டு வருகின்றது. நாளை ஒரு தெருவில் இருவர் செல்வர். ஒருவர் கண்ணுக்கு வணிகர் காட்டும் அணிகலங்களே தோன்றும். வழியோரத்துப் பசித்திருப்பவர் தோன்றார். மற்றவர் அப்பசித்தவரைக் காண்பர். முன்னவர் இரக்கமில்லாதவர் என்று கூறவும் இயலாது. இரங்குதற்குரியதனை அவர் கண்டிலர். அருள் கண்ட பின்னரே கனிவது. கண்ணிற்படாத துயர்க்கு நெஞ்சு நெகிழ்தல் அரிது. கண்டும் இரங்காமை ஒருவனது குற்றம். காணாவாறு தன் கண்ணை விலைக்கு விடுதல் அதனினும் பெரிய குற்றம். அது, குற்றம் செய்தோம் என்று உணர்தற்குரிய வழியையும் அடைத்துவிடுதலின் என்க.

ஆதலின் தொழிற்கும் மருத்துவத்திற்கும் இக்கருவியை வேண்டுமளவு கொள்ளுதல் தக்கது. அத்தொழில் முடிந்தவழி அதனைக் கழற்றிவைத்தலும் தக்கது. ஒருவர் காண்பதனையே மற்றவரும் காண்கின்றார் என்னும் துணிவின்மேலேயே சான்று கூறுதலும், வாணிகமும், நட்பும் நிற்கின்றன. அத்துணிவு குன்றாமற் காத்தல், இக்கருவியைச் செய்வார்க்கும் விற்பார்க்கும் அணிவார்க்கும் ஒப்ப உரிய கடனாம்.