அலங்காரம் யாருக்கு?

பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டத்து லயத்தில் ஓணானுக்குக் கூடு சமைக்கும் சிறுவன், பலகையறுத்து வலையடித்து, நெகிழிப் பூவும் வண்ணக் கூழாங்கல்லும் பரப்பி மகிழ்கிறான். (உடும்பை உரிமமின்றி வைத்திருத்தல் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், இங்குப் பேசுவது வேலியோர ஓணானைப் பற்றியே.) தன் உடலுக்குத் தானே வெப்பமூட்டவியலாத அவ்வுயிருக்கு ஒருபுறம் வெயில், மறுபுறம் நிழல், ஏறக் கிளை, நக்க இலைமேல் நீர்த்துளி, எல்லாவற்றினும் மேலாக ஒளிந்துகொள்ள ஒரு சந்து வேண்டும். சந்து வைத்தாலோ, பார்ப்பவனுக்கு ஓணான் தெரியாது! அன்பு சோதனைக்குள்ளாவது இவ்விடத்தில்தான்.

பிறர் வரைந்த அளவுக்குள் வாழ்தல் இன்னதென்பதை லயத்தில் பிறந்தோர் நன்கறிவர். அவர்கள் வாய்திறந்து கேட்கவாவது முடிந்தது. ஓணான் கேளாது, நிறம் மங்கி ஒடுங்குவதைக் கூடு கட்டியவனே கண்டுணர வேண்டும். பூவை அகற்றி மரப்பட்டை சாய்த்த கூட்டில், காலை வெயிலுக்கு வெளிவரும் சிறுபொழுதில் மட்டுமே அது தென்படும்.