அங்கக் குறையும் ஆடற் கல்வியும்

உறுப்புக் குறையுடைய சிறார் பெற்ற உடம்பு பழவினைப் பயனாதலின், அவர்க்குப் பரதம் பயிற்றாது விடுதலே முறையன்றோ என ஒரத்தநாட்டு அன்பரொருவர் எம்மை வினவினார்.

அவ்வுடம்பு பிராரத்தத்தான் வந்ததென்றே கொள்வாம். அதனை நுகர்வார் அவர். கற்பிக்க மறுக்குஞ் செயலோ நம்முடையது. அஃது ஆகாமியமாய் நம்மையே சாரும். வினைப்பயனை ஊட்டுவிப்பவன் இறைவன். அத்தொழிலை நமக்கு யார் தந்தார்?

இனி, காலின்றி ஆடலில்லை என்பாரும் உளர். கூத்தப்பிரான் திருமேனியை நோக்குக. உடுக்கை ஏந்திய கையிற் படைத்தலும், அஞ்சலென்னுங் கையிற் காத்தலும், கனலேந்திய கையில் அழித்தலும், ஊன்றிய திருவடியில் மறைத்தலும், தூக்கிய திருவடியில் அருளலும் நிகழ்வன என்ப. ஐந்தொழிலுள் மூன்று கையின்கண்ணவே. பதத்திற்குரிய அபிநயமும் பெரும்பாலும் கையும் முகமுங் கொண்டே நடப்பது. தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்து மேற்றளத்தில் 108 கரணங்களுள் 81 மட்டுமே செதுக்கப்பெற்றன. ஏனையவற்றிற்குரிய கற்கள் உருவின்றி நிற்கின்றன. அதுபற்றி அவ்வரிசையைக் கழிப்பாரைக் கண்டிலேம்.

சுதா சந்திரன் என்னும் நங்கை 1981-இல் ஊர்தி விபத்தால் வலக்காலை இழந்து, செயற்கைக் கால் பூண்டு பயின்று, 1984-இல் மீண்டும் அரங்கில் ஆடினார். அவர் முன்னரே கற்றவர். கல்லாச் சிறார்க்கு ஆசிரியரே வழி காணல்வேண்டும். செவிப்புலனில்லார்க்குத் தட்டுக்கழியின் அதிர்வை மரத்தளத்தின்வழி உள்ளங்காலில் உணர்த்தலாம். கண்ணொளியில்லார் ஆசிரியர் விரல்களைத் தொட்டு முத்திரை அறிவர். நடக்கவியலார் சக்கர நாற்காலியிலிருந்தே பரதம் ஆடுதலைச் சையத் சலாவுதீன் பாஷா என்னும் ஆசான் பயிற்றி அரங்கிற் காட்டியுள்ளார். காலம் மிகுமே என்பர் நட்டுவனார் சிலர், மிகத்தான் செய்யும்.