புல்லின் பிடியில்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், வடக்கு எல்லையை ஒட்டிக் கிடக்கிறது செர்ரி கவுண்டி. பரப்பில் கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது. 2020 கணக்கெடுப்பில் மொத்த ஜனம் 5,455. அதில் ஏறக்குறைய பாதி வாலண்டைன் என்ற ஒரே ஊரில். கன்று ஈனும் இறைச்சிப் பசுக்களோ ஒன்றரை லட்சத்துக்கு மேல். கவுண்டியின் மேற்குப் பகுதியில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. மாட்டுக்கு அது பொருட்டில்லை.

*

நிலம் பெரும்பாலும் மணல். காற்று குவித்த குன்றுகள், மேலே புல் போர்வை. வேர் விட்டுக் கொடுத்தால் குன்று மறுபடி நடக்கத் தொடங்கிவிடும். அந்தப் பயம் அங்கே அன்றாடம். மாடுகள் ஒரே தடத்தில் நடந்து நடந்து புல் தேய்கிறது. தேய்ந்த இடத்தில் காற்று நுழைந்து மணலை அள்ளுகிறது. சில பருவங்களில் குன்றின் முதுகில் பெரிய குழி. பண்ணைக்காரர்கள் அதில் பழைய டயர்களையும் கெட்டுப்போன வைக்கோலையும் போட்டு, வேலி கட்டி, புல் திரும்பும்வரை மாட்டை அண்டவிடுவதில்லை. வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

*

ஆண்டு மழை சுமார் 500 மில்லிமீட்டர்தான். ஆனால் பெய்தது ஓடுவதில்லை, இறங்குகிறது. அடியில் ஒகலாலா என்ற பெரிய நிலத்தடி நீரடுக்கு. குன்றுகளுக்கு நடுவே அந்த நீரே ஏரியாகத் தலைகாட்டுகிறது; தாழ்ந்த இடங்களில் ஈரம் காயாத புல்வெளி. கோடையில் அங்கே அறுத்துக் கட்டும் புல்தான் பனிக்காலத் தீவனம். மேட்டு மேய்ச்சலுக்குக் காற்றாலை: சக்கரம் சுற்றச் சுற்றக் குழாயிலிருந்து விட்டுவிட்டு ஒரு வாய்த் தண்ணீர் தொட்டியில் விழுகிறது. அந்த வேகம் மாட்டுக்குப் போதும்.

*

இந்தக் குன்றுகளுக்குள் போன மாடு பிழைக்காது என்றே ஆரம்பத்தில் நம்பினார்கள். 1879 மார்ச்சில் வந்த பனிப்புயல் நயோப்ரரா ஆற்றங்கரைப் பண்ணை ஒன்றின் மாடுகளை உள்ளே விரட்டியது. தேடிப் போனவர்கள் தங்கள் மாடுகளைக் கண்டார்கள். கூடவே, எவருடைய அடையாளச் சூடும் படாத, கொழுத்த மாடுகளையும். பூர்வகுடிகளான லக்கோட்டாக்களும் பானிகளும் தலைமுறைகளாக வேட்டையாடிய இடம் அது. அவர்களிடம் கேட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும். 1883-ல் ரயில் வந்தது, கவுண்டியும் பிறந்தது.

*

1904-ல் நெப்ராஸ்காவின் காங்கிரஸ் உறுப்பினர் மோசஸ் கின்கெய்டு கொண்டுவந்த சட்டம் குடும்பத்துக்கு 640 ஏக்கர் கொடுத்தது. கேட்கத் தாராளம். ஒரு பசுவும் கன்றும் ஆண்டு முழுக்க மேய சுமார் 15 முதல் 20 ஏக்கர் வேண்டும். ஆக முப்பது நாற்பது பசு. அதை வைத்து ஒரு குடும்பம் எத்தனை நாள் ஓட்டும்? சிலர் உழுதார்கள், மணல் கிளம்பியது. 1920-ல் 11,000-ஐத் தாண்டிய மக்கள்தொகை அதன்பின் வடிந்துகொண்டே வந்தது. காலியான நிலங்களை அக்கம்பக்கத்துப் பண்ணைகள் வாங்கிச் சேர்த்துக்கொண்டன.

வடக்கு லூப் ஆற்றங்கரையில் 1907 வாக்கில் கறுப்பினக் குடும்பங்கள் டிவிட்டி என்ற குடியிருப்பை எழுப்பின. அடிமைத்தனத்திலிருந்து கனடாவுக்குத் தப்பியோடியவர்களின் சந்ததிகளும் அவர்களில் உண்டு. புல்லோடு வெட்டிய மண்கட்டிகளால் வீடு, தேவாலயம், பள்ளிக்கூடம், பேஸ்பால் அணி. 1930-களுக்குள் கலைந்துபோனது. அவர்களுக்கு விவசாயம் வரவில்லை என்று யாராவது எழுதினால் நான் நம்பமாட்டேன். அதே கணக்கு வெள்ளையரையும்தான் விரட்டியது.

*

மரம் நடும் ஆசையும் வந்தது. சார்லஸ் பெஸ்ஸி என்ற தாவரவியலாளரின் வற்புறுத்தலில், 1902-ல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இங்கே நிலம் ஒதுக்கினார். மனிதர் கையால் நட்ட காடு இன்றும் நிற்கிறது. ஆனால் இப்போதைய தலைவலியே மரம்தான்: செஞ்சீடர். இயற்கைத் தீயை அணைக்கப் பழகியபின் அது ஆற்றோரம் விட்டு மேய்ச்சலுக்குள் ஏறிவிட்டது. நிழலில் புல் சாகும். அதனால் வசந்தத்தில், காற்று அடங்கிய நாள் பார்த்து, அக்கம்பக்கத்தார் தண்ணீர் வண்டிகளோடு ஒருவர் நிலத்தில் கூடி, தாங்களே தீ வைக்கிறார்கள். அடுத்த முறை இன்னொருவர் நிலத்தில்.