அயலில்லமும் காணுங் கண்ணும்

கண் என்னும் பொறி உயிர்க்கு வாய்த்த பேறுகளுட் சிறந்ததொன்று. உலகினை அறிதற்கும், திருக்கோயில் சென்று திருமேனியைத் தரிசித்தற்கும், எதிர்வரும் இடரை அறிந்து விலகுதற்கும் அதுவே வாயிலாகின்றது. அவ்வாயில் எங்கே திறக்கற்பாலது, எங்கே அடைக்கற்பாலது என்பது பண்டுதொட்டு ஆராயப்பட்டு வரும் அறவினா. அயலார் தம் இல்லினுள் யாது செய்கின்றனர் என நோக்குதல் தக்கதோ என்பது அவ்வினாவின் ஒரு கூறாகும். இற்றை நாளில் வீட்டு வாயில்தோறும் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப்பட்டு வருதலின், இவ்வினா முன்னினும் கூர்மையுற்று நிற்கின்றது.

பொருநைக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரி முதலிய பழம்பதிகளில், கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் இல்லங்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பன. ஓரில்லத்தின் சுவர் அடுத்த இல்லத்திற்கும் சுவராதல் உண்டு. அத்தகைய தெருவில் வாழ்வார்க்கு அயலாரின் இருமலும் அழுகையும் கேளாமற் போதல் அரிது. ஆயினும், திண்ணைவரை வந்தவர் முற்றத்தை எட்டிப் பார்த்தல் இழிவெனவும், வாயிலில் நின்று குரல் கொடுத்த பின்னரே உட்புகுதல் முறையெனவும் கொள்ளப்பட்டன. சுவர் காவாத மறைவை ஒழுக்கங் காத்தது.

அவ்வூர்த் திருக்கோயிலிலுள்ள புளியமரம் இரவினும் இலை மூடாது என்பர். அதுபற்றி அதனை உறங்காப்புளி என வழங்குவர். அதனடியில் நம்மாழ்வார் கண்மூடி யோகத்தமர்ந்திருந்தனர் என்பது வைணவ மரபு. உறங்காத மரத்தின்கீழ்க் கண்மூடியிருந்து மெய்ப்பொருள் கண்டார் என்னும் அவ்வரலாறு, விழித்திருத்தல் வேறு, புறத்தை நோக்கியிருத்தல் வேறு என்பதனைச் சமய வேற்றுமையின்றி யாவர்க்கும் உணர்த்துவதாம்.

இனி, நாட்டுச் சட்டம் இதுபற்றிக் கூறுவது காண்டல் வேண்டும். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் தோன்றிய காலத்தில் சென்னை மாகாணம் உள்ளிட்ட சில பகுதிகட்கே உரியதாயிருந்தது. அதன் 18-ஆம் பிரிவு வழக்காற்றான் வரும் உரிமைகளைக் கூறுமிடத்து ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றது. அயலாரின் மறைவு பெரிதுங் கெடும்வண்ணம் புதிய சாளரம் திறத்தலாகாது என்னும் வழக்கம் ஓரூரில் இருப்பின், இயல்பாகப் பிறர் பார்வைக்கு விலக்கப்பட்ட உள்ளிடங்களை நோக்குஞ் சாளரத்தை அடுத்த வீட்டார் திறவாதிருக்க வேண்டுமென்னும் உரிமை அவ்வூரில் வீடு கட்டுவார்க்கு உண்டு என்பதே அது. ஈண்டு உற்றுநோக்கற்பாலது யாதெனின், சட்டம் இவ்வுரிமையைத் தான் படைத்திலது; ஊர்வழக்கம் முன்னரே படைத்ததனை ஏற்றுக்கொண்டது என்பதாம்.

தமிழ்நாட்டினின்றும் எழுந்த ஒரு வழக்கில், 1994-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், தனித்து விடப்படும் உரிமை குடிமக்கட்கு உண்டெனவும், ஒருவருடைய குடும்பம், மணம், மக்கட்பேறு முதலியவற்றை அவரிசைவின்றி வெளியிடுதல் அவ்வுரிமைக்கு மாறெனவும் கூறிற்று. பொதுப் பதிவேடுகளிற் கண்டவற்றைப் பெரும்பாலும் விலக்காக வைத்தது. 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த ஆயம், அந்தரங்க உரிமை அரசியலமைப்பு வழங்கும் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பெண்டிர் தனித்திருக்குங்கால் அவர்களை மறைந்து நோக்குதலும் படம் பிடித்தலும் 2013-ஆம் ஆண்டு முதல் தனிக் குற்றமாக வகுக்கப்பட்டன. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு அதனைக் கூறுகின்றது. 2025-ஆம் ஆண்டு கல்கத்தா உயர்நீதிமன்றம், ஓரில்லத்தில் வாழும் உடன்பிறந்தாரிடை எழுந்த வழக்கில், உடனுறைவாரிசைவின்றி வாழுமிடத்துள் கேமராக்களை இயக்குதல் அந்தரங்க உரிமைக்கு ஊறு என்றது.

இவ்வாறாயினும், சட்டம் எல்லா இடத்தும் புகமாட்டாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனியொருவர் தம் சொந்தத் தேவைக்காகவோ வீட்டுத் தேவைக்காகவோ கையாளும் தரவுகட்குப் பொருந்தாது என அச்சட்டமே கூறுகின்றது. கருவியின் முகம் எத்திசை நோக்கியது என்பதனை நீதிமன்றம் அளக்கலாம். கருவிக்குப் பின்னிருக்கும் நெஞ்சம் எத்திசை நோக்கியது என்பதனை அளத்தல் அதற்கு இயலாது. மேலும், சட்டம் காப்பது காணப்படுவானையே. காண்பானைக் காப்பது யாது என்னும் வினாவிற்குச் சித்தாந்தமே விடை கூறவல்லது.

உயிரின் இயல்பு சார்ந்ததன் வண்ணமாதல் என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் கொள்ளுமாறுபோல, உயிரும் தான் பற்றிய பொருளின் தன்மையாய் நிற்கும். அயலாருடைய பூசலையும் சோர்வையும் நாள்தோறும் நாடி நோக்குமவன் பெறுவது அவற்றைப் பற்றிய செய்தி மாத்திரமன்று. அப்பூசலும் சோர்வும் அவனுயிரிற் படிந்து அவன் வண்ணமாகின்றன. காணப்பட்டவன் தனக்குற்ற தீங்கினை அறியாமலே இருத்தல் கூடும். கண்டவன் தீங்கு அவனைவிட்டு நீங்காது. ஆகலின், இத்தீச்செயலால் முதற்கண் ஊறுபடுவான் அதனைச் செய்வானே என்க.

அற்றேல், இறைவன் யாவர் நெஞ்சினுள்ளும் நின்று யாவற்றையும் காண்கின்றான் அன்றோ? காணப்படுதல் ஊறெனின் அவன் காட்சியும் ஊறாதல் வேண்டுமே எனின், அற்றன்று. விருப்பு வெறுப்பில்லாதவன் காட்சி உயிர்க்கு உதவியாவதன்றி ஊறாகாது. சிவஞானபோதத்துப் பதினொராஞ் சூத்திரம், உயிர் கண்ணுக்குக் காட்டித் தானும் உடனின்று காணுமாறுபோல இறைவன் உயிர்க்கு அறிவித்து உடனின்று அறிகின்றான் எனத் தெளிவிக்கின்றது. அக்காட்சி உயிர் உய்தற்பொருட்டு நிகழ்வது. மனிதன் அயலானை ஒளிந்து நோக்குதலோ தன் வேட்கையை நிரப்புதற்பொருட்டு நிகழ்வது.

அன்றியும், யாவுங் காணும் அவ்விறைவனுடைய ஐந்தொழிலுள் மறைத்தலும் ஒன்றென்பதனை மறத்தலாகாது. அவன் மறைப்பது ஒருவன் குற்றத்தை மற்றொருவனுக்கன்று, மெய்ந்நிலையை உயிர்க்கன்றோ எனின், உண்மையே. எனினும், அம்மறைப்பின் பயன் கருதற்பாலது. மலபரிபாகம் எய்துமளவும் மறைத்து நின்று, காலம் வாய்த்தவழி விளக்குதலின், மறைத்தலும் அருளே என்பர் பெரியோர். முதிருங்காறும் மறைவு வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். திருக்கோயிலிலும், அலங்காரஞ் செய்யுங்கால் திரையிட்டு, முற்றிய பின்னரே திரை நீக்குதல் காண்க. இறைவன் திருமேனிக்கே திரை உண்டாயின், குறையுடைய மனிதன் மனைக்குத் திரை வேண்டாமை எங்ஙனம்?

இதற்குத் தக்க சான்று திருநீலகண்ட நாயனார் வரலாறு. தில்லையில் வேட்கோவர் குலத்துத் தோன்றிய அவர், பரத்தையின்பால் சென்றமை அறிந்த மனைவியார், தம்மைத் தீண்டலாகாதெனத் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டனர். அவ்வாணையைக் கடவாது இருவரும் ஓரில்லிலேயே, அயலார் அறியாவகை, இளமை நீங்கி முதுமை எய்துமளவும் ஒழுகினர். அக்காலத்து அண்டைவீட்டான் ஒருவன் உட்புறம் நோக்கியிருப்பின் அவன் கண்டிருப்பது யாது? பிணங்கிய கணவனும் மனைவியும் என்பதே. அவன் கண்டது பொய்யன்று. எனினும் உண்மை அதுவன்று. அச்சுவர்க்குள் ஒரு பிழை தவமாக முதிர்ந்துகொண்டிருந்தது. அது முன்னரே தெருவிற் பரவியிருப்பின், தவமாகாது பழியாகவே முடிந்திருத்தல் கூடும். பின்னர்ச் சிவயோகியாராய் வந்த பெருமான் ஓடு தேடி வழக்காடி, மனைவியைக் கைப்பற்றிக் குளத்தில் மூழ்கிச் சூளுரைக்குமாறு பணித்தபொழுது, மூங்கில் தண்டின் இருதலையை இருவரும் பற்றி நின்று, நாயனார் தம் வாயாலேயே அவையறியக் கூறினார். மறையை வெளிப்படுத்துங் காலமும் உரிமையும் அதனையுடையார்க்கே உரியன என்பது இவ்வரலாற்றால் விளங்கும்.

இனி, நோக்காதிருப்பின் கள்வர்க்கும் கொடியோர்க்கும் இடமாகாதோ எனக் கடாவலாம். காவல் அறமே, அதனை விலக்குவார் இலர். தனித்துறையும் முதியோர் வாயிலிற் கேமரா பொருத்திக்கொள்ளுதல் குற்றமன்று. சென்னை மாநகரக் காவல்துறை 2018-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெருக்களிற் கேமராக்கள் பொருத்துவித்த முயற்சிக்கு ‘மூன்றாவது கண்’ என்று பெயரிட்டது. அப்பெயர் சைவர்க்கு ஒன்றனை நினைவூட்டல் வேண்டும். உமையம்மையார் பெருமான் கண்களைப் புதைத்தவழி உலகினை மூடிய இருளை நீக்கியது நெற்றிக்கண். திருக்குறுக்கையிற் காமனை எரித்ததும் அதுவே. காத்தலும் வேட்கையை எரித்தலும் அக்கண்ணின் செயல்கள். தெருவின் இருளை நீக்குங் கருவி அப்பெயர்க்கு ஒருவாறு பொருந்தலாம். அயலார் முற்றத்தை நோக்கித் திருப்பப்பட்ட கருவியோ காமனை எரியாது, வளர்ப்பதாகலின், அப்பெயர்க்கு உரித்தன்று.

திருவள்ளுவர் ஒற்றாடலை அரசியலுள் 59-ஆம் அதிகாரமாக வைத்தார். இல்லறத்தார்க்கு வகுத்த இயலுள் வைத்திலர். அதற்கு முன்னதாகக் கண்ணோட்டத்தை வைத்தார். பிறரை அறிய முயலும் ஆட்சிக்கும் கண்ணோட்டம் முற்பட வேண்டுமென்பது அவ்வைப்பு முறையாற் கொள்ளத்தகும். இல்வாழ்வானுக்கு வகுத்தது புறங்கூறாமையே.

எனவே காவலையும் வேவையும் பிரித்தறிதற்கு மூன்று வினாக்கள் போதும். கண் படுவது தன் வாயிலிலோ, பிறர் மனையிலோ? நோக்குவது தீங்கு தடுத்தற்கோ, அறிந்து மகிழ்தற்கோ? கண்டது நெஞ்சில் அடங்குமோ, தெருவிற் பரவுமோ? இம்மூன்றற்கும் நேரிய விடை கூறவல்லான் குற்றமுடையன் அல்லன்.

இங்ஙனங் கூறியது கொண்டு, அயலில்லில் எழும் ஓலத்திற்குச் செவி அடைத்துக்கொள்ளலாம் எனக் கருதற்க. மறைவு கொடுமைக்குக் கவசமன்று. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், அத்தகைய கொடுமை நிகழ்வதாகக் கருதக் காரணமுடைய எவரும் பாதுகாப்பு அலுவலர்க்கு அறிவிக்கலாம் எனவும், நல்லெண்ணத்தோடு அறிவித்தார்மேற் பழி சாராது எனவும் கூறுகின்றது. ஓலங் கேட்டு ஓடிச்செல்லுதல் அருள். ஓலம் எழுமோ எனச் சுவரிற் காது வைத்திருத்தல் அருளன்று. முன்னையதில் உயிர் பிறர் துன்பத்தைச் சார்ந்து இரக்கமாகின்றது. பின்னையதில் பிறர் இழிவைச் சார்ந்து இழிவாகின்றது.

சாளரத்தை எத்திசையிற் றிறத்தல் வேண்டும் எனச் சட்டங் கூறும். சாளரம் திறந்திருப்பினும் கண்ணை எத்திசையிற் செலுத்துவது என்பது அவரவர் ஒழுக்கத்தின்பாற்பட்டது. காணற்குரியது இறைவன் திருவடியும் தன் குற்றமுமே என்று அறிந்தார்க்கு அயலார் முற்றத்தை நோக்கப் பொழுது வாயாது. அவ்வறிவைப் பெறுதலே கண் பெற்ற பயனென்க.